பெயின்டுக்குக் காசு இருக்கிறது, பேட்ஜுக்கு இல்லையா?



வழமையாகப் பரீட்சை, பாடசாலை, பெற்றோர் கூட்டம் என்று எழுதும் நாங்கள் இன்று ஒரு கார்க் கதவைப் பற்றி எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பழைய வாகனம் வீட்டில் வைத்திருப்பவர்களும், கராஜ் நடத்தும் நானாமார்களும், ஓ.எல். எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று நிற்கும் பிள்ளைகளின் பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள். நாங்கள் என்று சொல்வது, ஊரில் படிப்பிக்கிற, பழைய கார்களில் ஆசை பிடித்த நாலைந்து பேரை.

விஷயம் இதுதான். எமதூரில் இப்போது பழைய கார்களைத் திருத்திப் பெயின்ட் அடிக்கும் வேலை நன்றாக நடக்கிறது. டிங்கர் வேலை செய்பவர்களின் கைவண்ணத்தில் குறை சொல்ல முடியாது. துருப்பிடித்த கதவைக் கூடப் புதுத் தகரம் ஒட்டி, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கித் தருகிறார்கள். ஆனால் அந்தக் காரின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கதவின் குறுக்கே ஓட வேண்டிய குரோம் கோடு முன் கதவில் ஒரு உயரத்திலும் பின் கதவில் இன்னொரு உயரத்திலும் நிற்கும். டிக்கியில் இருக்கும் பெயர்ச் சின்னம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதைச் சுற்றி சுப்பர் குளூவின் வெள்ளைப் புகை படிந்திருக்கும். கதவைத் திறந்தால் உட்பக்கத்துப் பலகைக்குப் புது ரெக்சின் போட்டிருப்பார்கள், பழைய அலங்காரக் கோடு மட்டும் இருக்காது. "எங்க பாஸ் அது?" என்று கேட்டால், "அது உடஞ்சி போச்சி, இப்ப யார் அதெல்லாம் பாக்குற?" என்று பதில் வரும்.

இதற்குக் கராஜை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக நாங்கள் விரும்பவில்லை. பெயின்டுக்கு இவ்வளவு, தகரத்துக்கு இவ்வளவு, குஷனுக்கு இவ்வளவு என்று எஸ்டிமேட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறோம். கழற்றிய சின்னச் சாமான்களைச் சுத்தம் செய்து, உடைந்ததைத் திருத்தி, அளந்து, திரும்பப் பூட்டும் வேலைக்கு அந்தக் கடதாசியில் ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லை. காசில்லாத வேலைக்கு நேரமும் இருக்காது. நேரமில்லாத வேலையைப் பசைதான் செய்யும். பொருத்தும் வேலை தனியான ஒரு வேலை, அதற்குத் தனியான கூலி இருக்க வேண்டும், அதைப் பழைய சாமானைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. ஏன் என்று சொல்கிறோம்.

இது பொழுதுபோக்குக்காரரின் பிடிவாதம் என்று சிலர் நினைக்கலாம். எமது நாட்டில் பழைய கார் விளையாட்டுச் சாமான் அல்ல. 1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த காலத்தில், கையில் இருந்த இங்கிலாந்துக் கார்களைத் திருத்தித் திருத்தித்தான் எங்கள் வாப்பாமார் ஓட்டினார்கள். இங்கே இவ்வளவு நல்ல டிங்கர் பாஸ்மார் உருவானதற்கு அந்தக் கஷ்டகாலமும் ஒரு காரணம். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் கார்களுக்கென்றே இயங்கிய நிலையம் ஒன்று, அதற்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்தது. கார் பிறந்த நாடே எங்கள் கைவேலையை நம்பி வாங்கியது. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனம் வைத்திருந்தவர்களுக்கு அது சொத்தாகவே மாறியது. சொத்து என்றால் அதன் அடையாளமும் சரியாக இருக்க வேண்டும்.

அந்த அடையாளத்தைச் சொல்வது இந்தச் சின்னங்கள்தான். மொரிஸ் மைனரையே எடுப்போம். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. மொரிஸ் கம்பனி தொடங்கிய இடம் ஒக்ஸ்ஃபோர்ட். அந்தப் பெயருக்கு மாடு கடக்கும் ஆற்றுத்துறை என்று பொருள். அதனால்தான் மொரிஸ் சின்னத்தில் ஒரு சிவப்பு மாடும் அதன் காலடியில் நீல அலைகளும் இருக்கின்றன. ஒரு ஊரின் கதையே விரலளவு எனாமலுக்குள் இருக்கிறது. அதைத்தான் நாங்கள் "அந்த மாட்டுப் படம் போட்ட வட்டம்" என்று சொல்லித் தூக்கி ஒரு மூலையில் போடுகிறோம்.

காரின் பின்னால் எழுதியிருக்கும் பெயருக்கும் பொருள் உண்டு. 1952இலிருந்து வந்த இரண்டாம் வரிசை மைனருக்கு 803 சி.சி. இயந்திரம், முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டு. 1956இல் 948 சி.சி. இயந்திரத்தோடும் ஒரே துண்டு வளைந்த கண்ணாடியோடும் வந்ததுதான் மைனர் 1000. 1962இல் இயந்திரம் 1098 சி.சி. ஆன பிறகும் 1000 என்ற பெயரே தொடர்ந்தது. இதில் இன்னொரு சுவையான செய்தி. மைனர் பத்து இலட்சத்தைத் தொட்டபோது, இளஊதா நிறத்தில் 350 கார்களை மட்டும் விசேடமாகச் செய்தார்கள். அவற்றின் சின்னத்தில் 1000 இருந்த இடத்தில் 1000000 என்று இருக்கும். மூன்று பூச்சியம்தான் வித்தியாசம். அந்த மூன்று பூச்சியமும் உண்மையானதா, யாரோ பிறகு ஒட்டியதா என்பதில்தான் அந்தக் காரின் மதிப்பே இருக்கிறது.

ஒஸ்டின் கேம்பிரிஜ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். 1950களின் கடைசியில் இத்தாலியின் பினின்ஃபரினா வரைந்த ஒரே உடலை, பி.எம்.சி. கம்பனி ஒஸ்டின், மொரிஸ், வூல்ஸ்லி, எம்.ஜி., ரைலி என்று ஐந்து பெயர்களில் விற்றது. தகரத்தைத் தட்டிப் பார்த்து எது எந்தக் கார் என்று சொல்வது லேசில்லை. முன் கிறில், உள்ளலங்காரம், பக்கத்துக் கோடு, சின்னம் ஆகியவைதான் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டின. வூல்ஸ்லியின் கிறில் சின்னத்துக்குள் சிறிய மின்குமிழ் இருக்கும். இரவில் விளக்குப் போட்டால் பெயர் ஒளிரும். இப்படிப்பட்ட கார்களில் சின்னத்தை மாற்றினால் நீங்கள் காரின் பெயரையே மாற்றுகிறீர்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரும் வேண்டாம், கராஜின் பெயரும் வேண்டாம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், இப்போது மர்ஹூம். அவருடைய மைனர் இரண்டு துண்டுக் கண்ணாடிக்காரி. மகன்மார் பெயின்ட் அடிக்கக் கொடுத்தார்கள். நிறம் அழகாக வந்தது. பழைய சின்னம் காணாமல் போனதால், எங்கேயோ கிடைத்த மைனர் 1000 சின்னத்தைப் பூட்டியிருந்தார்கள். கதவுப் பலகைகளை வெட்டிப் புதிது போட்டு, பழையதை எரித்தும் விட்டார்கள். கோடும் போனது. வீட்டு வாசலில் கார் வந்து நின்றதும், அந்த உம்மா கதவைத் திறந்து உள்ளே தடவிப் பார்த்துவிட்டு, "அவர் கை வெச்சிட்டுப் போற எடம் எங்க?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகளிடம் பதில் இல்லை.

சில மாதம் கழித்து விற்க வேண்டி வந்தது. வாங்க வந்தவர் விஷயம் தெரிந்தவர். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "கண்ணாடி ரெண்டு துண்டு, பேட்ஜ் ஆயிரம். அப்ப வேற என்னென்ன மாத்தி ஈக்கிது?" என்றார். இயந்திரமும் அடிச்சட்டமும் பழையபடியே இருந்தன. ஆனாலும் பொய் பேசும் சின்னம் ஒன்று கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது, மற்றதெல்லாம் உண்மை என்று யார் நம்புவார்? அவர் வாங்காமலே போனார். பிள்ளைகள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கராஜ்காரரும் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் பொருளின் குறையை மறைத்து விற்க வந்தவர்கள் போல அந்தக் குடும்பம் தலைகுனிந்து நின்றது. அந்த மர்ஹூம் தபால் கந்தோரில் ஒரு சத முத்திரைக்கும் கணக்கு வைத்தவர் என்பதை ஊரே அறியும்.

இனி வேலைக்கு வருவோம். "நல்லா பூட்டுங்க" என்று வாயால் சொன்னால் போதாது. நல்ல வேலை எப்படி இருக்கும் என்று காரைக் கொடுப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய காரின் கதவு உட்பலகை, அநேகமாக மெல்லிய ஹாட்போட் அட்டை. அதன் மேல் கொஞ்சம் பஞ்சு, அதன் மேல் ரெக்சின். ஓரம் நெடுகச் சிறிய ஸ்பிரிங் கிளிப்புகள். அவை கதவுத் தகரத்தின் துளைகளுக்குள் அழுந்திப் பிடிக்கும். அலங்காரக் கோட்டின் பின்னால் மெல்லிய உலோக நாக்குகள் இருக்கும். பலகையில் உள்ள கீறலுக்குள் அவற்றை விட்டுப் பின்பக்கமாக மடித்திருப்பார்கள். சில கார்களில் நாக்குக்குப் பதிலாகச் சிறிய தண்டும் அதில் அழுத்திப் போடும் நட்டும் இருக்கும்.

முதலாவது, கழற்றும்போதே பொருத்தும் வேலை தொடங்கிவிடுகிறது. மைனர் போன்ற கார்களில் கண்ணாடி இறக்கும் கைப்பிடியைச் சுற்றியுள்ள வட்டத் தகட்டை உள்ளே அழுத்தினால் குறுக்கே ஒரு பின் தெரியும். அதைத் தள்ளினால் கைப்பிடி தானாகக் கையோடு வரும். தெரியாதவர் ஸ்குரூட்ரைவர் போட்டு நெம்பிப் பலகையைக் கிழிக்கிறார். பலகையைக் கழற்றும்போது ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் தட்டையான ஒன்றை விட்டு நெம்ப வேண்டும். இரண்டு கிளிப்புக்கும் நடுவில் இழுத்தால் அட்டை கிளிப்போடு பிய்ந்து போகும். வெளிச் சின்னம் ஒட்டியதாக இருந்தால், ஹெயார் டிரையரால் இளஞ்சூடு காட்டி, தங்கூசியைப் பின்னால் விட்டு வாள் மாதிரி அறுத்து எடுக்கலாம். தண்டுள்ள சின்னமாக இருந்தால் பின்பக்கத்து நட்டைத்தான் கழற்ற வேண்டும். பழைய சின்னங்களில் பல, நாகக் கலப்பு வார்ப்பு. பிஸ்கட் மாதிரி முறியும்.

இரண்டாவது, பழைய பலகையை எறியக் கூடாது. எவ்வளவு உக்கியிருந்தாலும் அதுதான் அளவுக்கோல். கோடு எங்கே இருந்தது, கீறல் எத்தனை, கைப்பிடித் துளை எங்கே என்று அதை வைத்துத்தான் தெரியும். பழைய பலகையைப் பழுப்புக் கடதாசியில் வைத்து வரைந்து கொள்ளலாம். இடம், வலம் என்று எழுத மறக்க வேண்டாம். ஒரு பலகையைத் திருப்பிப் போட்டு மறு பக்கத்துக்கும் அதே அளவை எடுக்கும்போதுதான் கோடு மாறிப் போகிறது. இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. கழற்ற முன்னர் பத்துப் படம் எடுத்தால் பத்து வருடத்துக்குப் பேசும். கழற்றிய கிளிப், பின், நட் எல்லாவற்றையும் கதவுக்கு ஒரு மாஜரின் பெட்டி என்று வைத்து மேலே பெயர் எழுதினால் போதும்.

மூன்றாவது, நாக்குகளைக் கவனமாக நிமிர்த்த வேண்டும். உலோகம் ஒரு தரம் மடியும், இரண்டு தரம் மடியும், பிறகு களைத்து முறியும். சின்னக் குறட்டால் அடியைப் பிடித்து மெதுவாக நிமிர்த்த வேண்டும். முறிந்துவிட்டால் கோட்டையே எறியத் தேவையில்லை. பித்தளைக் கோடாக இருந்தால் மெல்லிய பித்தளைத் துண்டு ஒன்றை ஈயப்பற்று வைக்கலாம். ஈயப்பற்றுப் பிடிக்காத உலோகமாக இருந்தால், பின்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மூன்று மில்லிமீற்றர் ஆணியின் தலையை எப்பொக்சியில் பதித்து ஒரு நாள் காய விட வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கோட்டில் நெளிவு இருந்தால் மரக்கட்டையில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தட்டி எடுக்கலாம். இவற்றுக்கெல்லாம் பெரிய இயந்திரம் தேவையில்லை. பொறுமையான ஒரு கை தேவை.

நான்காவது, மழை. மழைத் தண்ணீர் கண்ணாடி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அடியில் உள்ள துளைகளால் அது வெளியேற வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது அந்தத் துளைகளைப் பட்டியால் அடைத்துவிட்டால் கதவு தண்ணீர்ப் பானையாகிவிடும். அதேபோல உட்பலகைக்கும் கதவுத் தகரத்துக்கும் இடையில் மெழுகுக் கடதாசியோ பொலித்தீனோ இருக்க வேண்டும். குஷன் வேலையில் அநேகமாக விடுபடுவது இதுதான். பொலித்தீன் இல்லாவிட்டால் ஒரு மாரி காலத்துக்குள் ஹாட்போட் ஊதி வளைந்துவிடும். கிளிப் கழன்று வரும். நாக்குத் துருப்பிடிக்கும். போன கிழமை பூட்டிய கோடு அடுத்த வருடம் தொங்கும். பலகையை மூட முன்னர் இரண்டு பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் வார்னிஷ் பூசுவது இன்னும் நல்லது.

ஐந்தாவது, வரிசை. ரெக்சின் ஒட்டிக் காய்ந்த பிறகு, பலகையைக் கதவில் பூட்ட முன்னர் கோட்டைப் பூட்ட வேண்டும். நாக்கை மடிப்பது பின்பக்கத்தில் என்பதால், பலகை கதவில் ஏறிய பிறகு கை போகாது. அந்த இடத்தில்தான் பசை உள்ளே வருகிறது. நாக்கின் அகலத்துக்கு மட்டும் பிளேட்டால் கீறி, நாக்கை விட்டு, அதன் கீழ் மெல்லிய வொஷர் ஒன்றை வைத்து மடித்தால் அட்டை கிழியாது. பிறகு பலகையைக் கையால் பிடித்தபடி ஒரு தரம் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாக்கோ ஆணியோ கண்ணாடியைக் கீறிவிட்டால் நட்டம் பெரிது. கடைசியாகத்தான் கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும்.

ஆறாவது, வெளிப்பக்கம். பக்கத்துக் கோட்டைப் பூட்ட முன்னர் கதவுகளைக் கீலில் சரிசெய்து மூடி, இடைவெளிகள் சமமா என்று பார்க்க வேண்டும். மாஸ்கிங் டேப்பால் ஒரு நேர்கோடு போட்டு, பத்தடி பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். கண் சொல்வதை அடிமட்டம் சொல்லாது. துளைகளின் ஓரத்தில் பெயின்ட் இல்லாமல் வெறும் தகரம் தெரிந்தால் அங்கேதான் துரு பிறக்கும். ஒரு துளி பெயின்ட், ஒரு ரப்பர் வொஷர், சின்னத் தண்டைச் சுற்றிக் கொஞ்சம் சீலர் போதும். தண்டில்லாத தட்டையான சின்னத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப் நல்லதுதான். நாங்கள் எல்லா ஒட்டுக்கும் எதிரி அல்ல. மெழுகும் எண்ணெயும் இல்லாமல் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டி, நன்றாக அழுத்த வேண்டும். அதன் பிடி முழுமையாக வர மூன்று நாள் வரை எடுக்கும். அதற்குள் சேர்விஸ் ஸ்டேஷனில் தண்ணீர் பீச்சக் கூடாது. சுப்பர் குளூவோ ரப்பர் கம்மோ இந்த வேலைக்குரியதல்ல. வெயிலில் மூடி நிறுத்திய காரில் வெயில் படும் இடங்கள் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். ரப்பர் கம் இளகும். சுப்பர் குளூ சுற்றியுள்ள இடத்தை வெளுக்கச் செய்யும், பிறகு சின்னத்தை முழுசாகக் கழற்றவும் விடாது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு ஒரு கராஜ் நானா கேட்பார்: "சேர், இதெல்லாம் செஞ்சா ரெண்டு நாள் போகும். யார் அந்த ரெண்டு நாளுக்குச் சல்லி தாற?" நியாயமான கேள்வி. அதனால்தான் எங்கள் முதல் வேண்டுகோள் கார் சொந்தக்காரர்களுக்கு. எஸ்டிமேட்டில் "கழற்றல், திருத்தல், பொருத்தல்" என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்குரிய கூலியை நீங்களாகவே கொடுங்கள். அந்த வரிக்குக் காசு கொடுக்காதவருக்கு, கோடு சாய்ந்திருக்கிறது என்று சண்டை பிடிக்க உரிமையில்லை.

இன்னொருவர் சொல்வார்: "பழைய சின்னம் புள்ளி புள்ளியாக அரித்துப் போயிருக்கிறது. புதுப் பெயின்டில் அதை வைத்தால் அசிங்கம்." எங்கள் கருத்து வேறு. எழுபது வருடம் வெயிலும் மழையும் பார்த்த சின்னத்தில் நாலு புள்ளி இருப்பது அசிங்கமல்ல. வயதானவர் முகத்தில் சுருக்கம் இருந்தால் முகமூடி போட்டா விடுகிறோம்? இருந்தாலும் புதுப் பிரதி வாங்கிப் பூட்டுவது ஒருவரின் விருப்பம். அது ஹராமும் இல்லை, குற்றமும் இல்லை. பஞ்சிகாவத்தையில் தேடினால் சிலவேளை பழைய ஒரிஜினலே கிடைக்கவும் கூடும். ஆனால் இரண்டு நிபந்தனை. பூட்டும் சின்னம் அந்தக் காருக்குரியதாக இருக்க வேண்டும். விற்கும்போது இது புதிது, பழையது இந்தப் பெட்டியில் இருக்கிறது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். பழையதைக் கையில் கொடுத்துச் சொல்லும் ஒரு வார்த்தை, பத்து நாள் பொலிஷ் போட்டதை விட வாங்குபவரின் மனதில் நிற்கும்.

கராஜ் நடத்துபவர்களுக்கும் ஒன்று. ஒருவர் தன் காரை உங்களிடம் தரும்போது அதன் ஒவ்வொரு ஆணியும் உங்கள் கையில் அமானத். உடைவது மனிதர் கையில் நடக்கும், அதில் வெட்கமில்லை. உடைந்ததை மறைத்துப் பசை பூசுவதும், காணாமல் போனதற்குப் பதிலாக வேறு காரின் சின்னத்தைப் பூட்டுவதும்தான் பிரச்சினை. உடைந்த துண்டையும் பழைய பலகையையும் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். அவர் எறியட்டும், வைத்துக்கொள்ளட்டும், அது அவருடைய முடிவு. நீங்கள் எறிய உங்களுக்கு அனுமதியில்லை.

படிப்பிப்பவர்கள் என்ற முறையில் எங்களை அதிகம் உறுத்துவது அடுத்த விஷயம். கராஜில் இந்தப் பொருத்தும் வேலையை யார் செய்கிறார்? பெரிய பாஸ் தகரம் தட்டுவார், பெயின்டர் நிறம் அடிப்பார். கடைசியில் மிஞ்சும் "சில்லறை வேலை" பள்ளிக்கூடம் விட்டு வந்த பையனின் தலையில் விழும். அவனுக்கு யாரும் காட்டிக் கொடுப்பதில்லை. கையில் ஒரு சுப்பர் குளூ டியூப், "பின்னேரம் அஞ்சு மணிக்குக் கார் போகணும்" என்ற ஒரு கட்டளை. அந்தப் பையன் முதல் மாதத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன தெரியுமா? உள்ளே எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வெளியே நின்றால் போதும். கார் வீதிக்குப் போய்விடும். அந்தப் பாடம் பையனோடு வாழ்க்கை முழுக்கப் போகும்.

அதே வேலையை முறையாகக் கொடுத்துப் பாருங்கள். அளக்கப் படிப்பான். இடம் வலம் பார்க்கப் படிப்பான். எந்த உலோகம் எதைத் தாங்கும், எது முறியும் என்று படிப்பான். நாங்கள் வகுப்பில் கரும்பலகையில் வரையும் சமச்சீர் அவனுக்கு அங்கே கையில் கிடைக்கும். யாரும் பார்க்காத பலகையின் பின்பக்கத்தில் பொலித்தீனை ஒழுங்காக விரிக்கிறவன் வேறு எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. சாதாரண தரத்திலும் இயந்திரத் தொழில்நுட்பம் பாடமாக இருக்கிறது. ஆனாலும் வீட்டில், "படிக்காட்டி கராஜுக்குத்தான் போவாய்" என்று பிள்ளையைப் பயமுறுத்துகிறோம். பிறகு அதே கராஜில் போய், "ஏன் இந்த வேலை ஒழுங்கில்லை?" என்று கோபப்படுகிறோம். தண்டனையாக அனுப்பிய இடத்தில் திறமை வளருமா?

எங்களிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. சின்னதாக ஒன்று இருக்கிறது. ஊரில் இந்த வேலையைச் சரியாகத் தெரிந்த மூத்த குஷன் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு சனிக்கிழமை பாடசாலைக்கு அழைத்து, ஒரு பழைய கதவையும் ஒரு உக்கிப்போன பலகையையும் பிள்ளைகளுக்கு முன்னால் வைக்க வேண்டும். கழற்றுவதிலிருந்து திரும்பப் பூட்டுவது வரை அவர் செய்து காட்ட வேண்டும், அந்த நாள் கூலியையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். சும்மா வந்து செய்யுங்கள் என்று கேட்கக் கூடாது. கதவும் பலகையும் தரக்கூடியவர்கள், பெட்டியில் மேலதிகமாகக் கிளிப்பும் நாக்கும் வைத்திருப்பவர்கள் எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள்.

அதுவரைக்கும், உங்கள் வாகனம் கராஜுக்குப் போகும்போது மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். கழற்றும் சாமானை எதில் போட்டு வைப்பீர்கள்? திரும்பப் பூட்டுவது யார், அவருக்கு அதற்கென்று எவ்வளவு? மாற்றியதில் பழையதை எனக்குத் தருவீர்களா? முதல் கேள்விக்குச் சரியான பதில் வந்தால் உங்கள் சின்னம் தப்பும். இரண்டாவதற்கு வந்தால் ஒரு பையனின் கை நேராகும். மூன்றாவதற்கும் வந்தால் அந்தக் கராஜை விட்டு வேறு இடம் தேட வேண்டாம்.

வஸ்ஸலாம்.